சென்னையிலிருந்து மலை பிஆர்எம்முக்கு: ஈ.சி.ஆரா, ஏற்காடா, டிரெய்னரா?

ஆகஸ்ட் முடியும்போதே இந்தக் கேள்வி வர ஆரம்பித்துவிடுகிறது. நவம்பரிலோ டிசம்பரிலோ மலைப்பாதை உள்ள 200 கி.மீ. பிஆர்எம் (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) ஒன்றுக்குப் பதிவு செய்தாயிற்று. இருப்பதோ வேளச்சேரியில், அம்பத்தூரில், தாம்பரத்தில். சுற்றுவட்டாரத்தில் மேம்பாலத்தைத் தவிர மேடு என்று ஒன்றும் இல்லை. எப்படித் தயாராவது? கேட்பவர்களில் பலர் சமவெளியில் ஏற்கெனவே 200 முடித்தவர்கள். தூரத்தைப் பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை, ஏற்றத்தைப் பற்றித்தான்.

ராண்டோனியரிங் எனப்படும் இந்த நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்தின் கணக்கில் ஆண்டு நவம்பர் 1-இல் தொடங்கி அக்டோபர் 31-இல் முடிகிறது. அதனால் நவம்பர், டிசம்பரில் வருபவைதான் சீசனின் முதல் பிஆர்எம்கள். பிரான்சில் நடக்கும் 1,200 கி.மீ. பயணமான பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் அடுத்து 2027-இல் வருகிறது. அதற்குத் தகுதி பெற 200, 300, 400, 600 கி.மீ. நான்கையும் முடித்திருக்க வேண்டும் என்பதால், முதல் 200-ஐச் சீக்கிரமே முடித்துவிட நினைப்பவர்கள் அதிகம். சிக்கல் என்னவென்றால், தயாராக வேண்டிய பத்து வாரங்களும் செப்டம்பர் புழுக்கத்திலும், அக்டோபர் பின்பாதியில் இறங்கும் வடகிழக்குப் பருவமழையிலும் போய் மாட்டிக்கொள்கின்றன.

சென்னைக்காரருக்கு முன்னால் இருப்பவை மூன்று வழிகள். ஒன்று, வழக்கமான ஈ.சி.ஆர்., ஓ.எம்.ஆர். சாலைகளிலேயே மலைக்கான பயிற்சியைச் செய்வது. இரண்டு, வார இறுதிகளில் ஏலகிரி, ஏற்காடு என்று கிளம்பிப் போவது. மூன்று, சைக்கிளை மாட்டி நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் ஸ்மார்ட் டிரெய்னர் ஒன்றை வாங்கி வீட்டுக்குள்ளேயே ஏறுவது. பெரும்பாலானவர்கள் இரண்டாவதுதான் உண்மையான தயாரிப்பு, முதலாவது வேறு வழியில்லாதவர்களுக்கு என்று நினைக்கிறார்கள். என் கருத்து வேறு. ஏறும் திறனில் பெரும்பகுதியைச் சென்னையிலேயே, காசு செலவில்லாமல் வளர்த்துவிடலாம். மலைக்குப் போக வேண்டியது முக்கியமாக இறங்கப் பழகுவதற்கும், அளவாக மிதிக்கப் பழகுவதற்கும்தான். ஏன் என்று பார்ப்போம்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் மலை நம்மிடம் என்ன கேட்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுக்கொள்வோம். ஓட்டுபவர் 72 கிலோ. சைக்கிள், தண்ணீர், டியூப், விளக்கு எல்லாம் சேர்த்து 13 கிலோ. மொத்தம் 85 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். இவர் 200 வாட் சக்தியில் மிதித்தால் காற்றில்லாத சமதளத்தில் 30 கி.மீ. வேகத்தை ஒட்டிப் போவார். அதே 200 வாட்டில் 6% ஏற்றத்தில் 12 கி.மீ. வேகம்தான் வரும். 9% ஏற்றத்தில் 9 கி.மீ.கூட வராது. சக்தி மாறவில்லை, வேகம்தான் விழுகிறது. ஈ.சி.ஆரில் தனியாக 30-இல் ஒரு மணி நேரம் விடாமல் போகிறவருக்கு ஏற்காடு ஏறும் சக்தி காலில் இருக்கிறது என்று பொருள்.

ஆனால் அந்த "தனியாக", "விடாமல்" என்ற இரண்டும் முக்கியம். கூட்டத்தில் அடுத்தவர் சக்கரத்துக்குப் பின்னால் ஒளிந்து 30-இல் போனால் உங்கள் உழைப்பு வெகுவாகக் குறைந்துவிடும். சிக்னலில் நிற்பது, நடுவில் மிதிக்காமல் உருள விடுவது எல்லாமே ஓய்வுதான். மலையில் இந்த ஓய்வு கிடையாது. மிதிப்பதை நிறுத்தினால் வண்டி நின்றுவிடும்.

அப்புறம் கேடன்ஸ், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று மிதிக்கிறோம் என்பது. முன்னால் 34, பின்னால் 28 பல் என்ற கியரில் மேற்சொன்ன 6% ஏற்றத்தில் நிமிடத்துக்கு 80 சுற்று வரும், வசதியாக இருக்கும். 9% வந்தால் அதே கியரில் 57-க்கு இறங்கிவிடும். சமவெளியில் 85, 90-இல் சுற்றிப் பழகிய காலுக்கு இது வேறு வேலை. தொடையும் முழங்காலும் இந்த அழுத்தத்துக்குத் தனியாகப் பழக வேண்டும்.

மூன்றாவது, இறக்கம். இதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் மலைப் பிஆர்எம்மில் ஆபத்து ஏற்றத்தில் இல்லை, இறக்கத்தில்தான் இருக்கிறது.

நான்காவது, நேரக் கணக்கு. 200 கி.மீ. பிஆர்எம்முக்கு அவகாசம் 13 மணி 30 நிமிடம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு 33 கி.மீ.; 10 கி.மீ. வேகத்தில் ஏறினால் 3 மணி 20 நிமிடம். இப்படி ஓர் ஏற்றம் பாதையில் இருந்தால் மீதி 167 கி.மீ.க்கு 10 மணி 10 நிமிடம் மிஞ்சும். நிறுத்தங்களுக்கு ஒன்றரை மணி நேரம் கழித்தாலும் 19, 20 கி.மீ. சராசரி போதும். அதாவது மலையில் யாரையும் முந்த வேண்டியதில்லை. ஏறி முடித்த பிறகும் காலில் 160 கி.மீ. மிச்சம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் ஏற்றத்திலேயே உணர்ச்சிவசப்பட்டு மிதித்துவிட்டு 120-ஆவது கிலோமீட்டரில் தசைப்பிடிப்போடு உட்காருபவர்கள்தான் நேரத்தைத் தவறவிடுகிறார்கள்.

கடைசியாகச் செலவு. பணம் மட்டுமில்லை: தூக்கம், ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் இருப்பவர்களின் பொறுமை, திங்கட்கிழமை அலுவலகம் எல்லாம் இதில் சேரும்.

## வழி 1: ஈ.சி.ஆரும் எதிர்க்காற்றும்

சமதளத்தில் ஏற்றத்துக்கு நிகரான ஒன்று உண்டு: எதிர்க்காற்று. மலையைப் போலவே அதுவும் உருள விடாது. அக்டோபர் கடைசியில் வடகிழக்குக் காற்று பிடித்துவிட்டால் மகாபலிபுரத்திலிருந்து திரும்பும் வழி பெரும்பாலும் முகத்துக்கு நேரே காற்றுதான். போகும்போது நிதானமாகப் போய், திரும்பும்போது கடினமான பகுதியைச் செய்யுங்கள். செப்டம்பரில் விடியற்காலையில் அவ்வளவு காற்று இருக்காது. அப்போது கைப்பிடியின் மேல்பகுதியைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்தாலே உடம்பு காற்றைத் தடுத்து வேலையைக் கூட்டிவிடும். மலையிலும் அப்படித்தான் உட்காரப் போகிறோம்.

வாரத்தில் செய்ய வேண்டியவை இரண்டே பயிற்சிகள். முதலாவது, 20 நிமிடம் விடாத மிதி, இரண்டு அல்லது மூன்று முறை, நடுவில் 5 நிமிட இடைவெளி. மிதிக்கும் சக்தியை அளக்கும் பவர் மீட்டர் உள்ளவர்கள் எஃப்.டி.பி.யில் (சுமார் ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய அதிகபட்ச சக்தி) 88 முதல் 93% வரை வைத்துக்கொள்ளலாம். இல்லாதவர்கள் ஒரு சொற்றொடர் பேச முடிகிறது, இரண்டாவதற்கு மூச்சு வாங்குகிறது என்ற அளவில் வைத்துக்கொண்டால் போதும். ஆறு, ஏழு வாரத்தில் இதை ஒரே மூச்சில் 60 நிமிடமாக நீட்டிவிட வேண்டும். முட்டுக்காடு தாண்டி சிக்னல் குறையும் பகுதி இதற்குத் தோதானது.

இரண்டாவது, பெரிய கியரில் மெதுமிதி. 50×14 (முன்னால் 50 பல், பின்னால் 14) போன்ற கியரைப் போட்டுக்கொண்டு, உட்கார்ந்தபடி, நிமிடத்துக்கு 55-60 சுற்றில் 8 நிமிடம். இப்படி நான்கு முறை. மலையின் 9% பகுதியைக் காலுக்கு அறிமுகப்படுத்துவது இதுதான். எதிர்க்காற்றில் செய்தால் இன்னும் நல்லது. வாரம் ஒரு தடவைக்கு மேல் வேண்டாம். முதல் மூன்று வாரம் சாதாரணமாக ஓட்டி முழங்காலைத் தயார்செய்த பிறகே தொடங்குங்கள். முழங்கால் சில்லுக்கு முன்னால் வலி தெரிந்தால் அந்த வாரம் அதை விட்டுவிடுங்கள், சீட் உயரம் குறைவாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மேம்பாலங்களைச் சுற்றிச் சுற்றி ஏறுவதைப் பலர் செய்கிறார்கள். உற்சாகத்துக்குச் சரி, மலைப் பயிற்சி என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு மேம்பாலம் முப்பது நொடியில் முடிந்துவிடுகிறது. மலை ஒன்றரை மணி நேரம் கேட்கிறது. பரங்கிமலை கொஞ்சம் பரவாயில்லை. 300 அடி உயரம்; அடியிலிருந்து சாலைவழி ஏற்றம் 60, 70 மீட்டர் வரும். நின்று மிதிக்கவும், சரிவில் கியர் மாற்றவும் பழக அருமையான இடம். ஆனால் ஆயிரம் மீட்டர் ஏற்றம் சேர்க்க அதையே பதினைந்து தடவை ஏறி இறங்க வேண்டும்.

மறைசெலவு என்று பார்த்தால், விடிகாலை நாலரைக்குக் கிளம்ப வேண்டியிருப்பது முதலாவது. இருட்டில் வேகமாக வரும் கார்கள், தெருநாய்கள், மழைநாளில் தண்ணீர் மூடிய பள்ளங்கள் எல்லாம் உண்மையான ஆபத்துகள். தனியாக ஓட்டும் பெண்கள் பலர் அந்த நேரத்தைத் தவிர்க்கிறார்கள், அது நியாயமான முடிவு. இரண்டாவது, சமவெளிப் பயிற்சிக்குத் தன்னொழுக்கம் நிறைய வேண்டும். மலை நம்மைக் கட்டாயப்படுத்தும், ஈ.சி.ஆர். கட்டாயப்படுத்தாது. நண்பர்களோடு கிளம்பினால் பேச்சும் வழிக்கடைக் காபியுமாகக் காலை இனிமையாகக் கழியும், பயிற்சி நடந்திருக்காது. பயிற்சி நாளில் தனியாகப் போங்கள், மற்ற நாளில் நண்பர்களோடு போங்கள்.

இந்த வழியில் கிடைக்கவே கிடைக்காதது இறக்கம்.

## வழி 2: வார இறுதியில் மலை

சென்னையிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் முதலில் வருவது ஏலகிரி. ஜோலார்பேட்டையில் ரயிலை விட்டிறங்கி, பொன்னேரி வந்தால் அடிவாரம். 14 கொண்டை ஊசி வளைவுகள், பாரி, கபிலர் என்று பெயர்ப்பலகையோடு. மலையின் உயரம் சுமார் 1,100 மீட்டர்தான், சரிவும் சீரானது. முதல்முறை மலை ஏறுபவருக்கு இதைவிட நல்ல இடம் பக்கத்தில் கிடையாது. திடமான காலுள்ளவர் ஒரே காலையில் இரண்டு முறை ஏறி இறங்கலாம். இரண்டாவது முறை ஏறும்போதுதான் பாடம் கிடைக்கும்.

அடுத்தது ஏற்காடு. சேலம் அடிவாரத்திலிருந்து சுமார் 20 கி.மீ., 20 கொண்டை ஊசி வளைவுகள், ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். பிஆர்எம் மலைகளுக்கு அளவிலும் குணத்திலும் நெருக்கமானது இதுதான். ஏற்காடு எக்ஸ்பிரஸ் இரவில் சென்ட்ரலில் கிளம்பி விடியுமுன் சேலத்தில் இறக்கிவிடும். கொல்லிமலையின் 70 வளைவுகள் வேறு ரகம்: வளைவுகள் நெருக்கமானவை, அடுத்தடுத்து வருபவை. இறங்கத் தெரிந்த பிறகு போகலாம். நீலகிரியின் கல்லட்டிப் பாதை, 2008-இல் தொடங்கிய டூர் ஆஃப் நீலகிரிஸ் வழியாக சைக்கிள்காரர்களிடையே பெயர் பெற்றது. 36 வளைவுகள், மிகச் செங்குத்தான பாதை. முதல் மலையாக அதைத் தேர்ந்தெடுக்கவே வேண்டாம்.

மலையில் கற்க வேண்டியவற்றில் முதலிடம் இறக்கத்துக்கு. வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக் பிடிப்பதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட்டு, உள்ளே போகும்போது பிரேக்கை விட்டுவிட வேண்டும். கண் சக்கரத்துக்கு முன்னால் இருக்கக் கூடாது, வளைவு முடியும் இடத்தில் இருக்க வேண்டும். வெளிப்பக்கக் கால் கீழே, எடை அதன் மேல். பிரேக்கை நீளமாக அழுத்திக்கொண்டே இறங்கினால் சூடாகும். ரிம் பிரேக்கில் ரிம் கொதித்து டியூப் வெடிப்பதும் உண்டு, டிஸ்க்கில் பிடிமானம் குறைவதும் உண்டு. விட்டுவிட்டு அழுத்துங்கள். கார்பன் ரிம்மில் ரிம் பிரேக் வைத்திருப்பவர்கள் இந்த மாதிரி பாதைக்கு அலுமினிய ரிம்முக்கு மாறிக்கொள்வது நல்லது.

நம் மலைச்சாலைகளுக்கே உரிய சில விஷயங்களும் உண்டு. பேருந்து கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது சாலையின் முழு அகலமும் அதற்கு வேண்டும். மேலே ஏறும் வண்டிக்கே முன்னுரிமை. நீங்கள் இறங்குபவராக இருந்தால் வளைவுக்கு முன்பே நின்று வழிவிடுங்கள். சைக்கிளுக்கு ஹாரன் கிடையாது என்பதால் குரல் கொடுக்கக் கூச்சப்பட வேண்டாம். மழைக்குப் பிறகு வளைவின் உள்விளிம்பில் சரளையும் இலைக்குப்பையும் சேர்ந்திருக்கும். ஏறும்போது இடப்பக்க வளைவின் உள்விளிம்புதான் இருப்பதிலேயே செங்குத்தான இடம். எதிரே வண்டி வரவில்லை என்று தெரிந்தால் கொஞ்சம் வெளியே தள்ளிப் போனால் காலுக்குப் பெரிய மிச்சம்.

அளவாக மிதிக்கப் பழகுவதும் இங்கேதான். முதல் கால் மணி நேரம் எரிச்சல் வரும் அளவுக்கு மெதுவாக ஏறுங்கள். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும் என்பது பொதுக் கணக்கு; ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராம் இருக்கும். ஏறிக்கொண்டே சாப்பிடுவது தனிப் பழக்கம். மூச்சு வாங்கும்போது கடலைமிட்டாய் மெல்ல முடியாது என்பது அங்கே போனால்தான் தெரியும்.

இனி மறைசெலவுகள். ரயிலில் சைக்கிளைப் பார்சல் பெட்டியில் போட்டால் முன்கூட்டியே போய்ப் பதிவு செய்ய வேண்டும். கீறல் விழாமல் அட்டை சுற்ற வேண்டும். இறங்கும் நிலையத்தில் வண்டி நிற்கும் சில நிமிடத்துக்குள் இறக்கப்படுகிறதா என்று ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும். பின்சக்கரத்தில் கியர் மாற்றும் கருவியான டிரெய்லியர் வளைந்தால் அன்றைய பயணம் அங்கேயே முடிந்தது. காரில் போனால் எரிபொருள், சுங்கம், ரேக் செலவு. நான்கு பேர் பகிர்ந்தால் தாங்கும், ஒருவர் தனியாகப் போனால் தாங்காது. நீலகிரிக்கோ கொடைக்கானலுக்கோ காரில் ஏறுவதாக இருந்தால், உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்த இ-பாஸையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தைவிடப் பெரிய செலவு தூக்கம். வெள்ளி அல்லது சனி இரவு ரயிலில் அரைத்தூக்கம், காலையில் கடுமையான ஏற்றம், அன்றிரவே திரும்பி, மறுநாள் வேலை. இதை வாராவாரம் செய்தால் நடுவாரப் பயிற்சிகள் கெடும். மூன்று வாரம் தொடர்ந்து மலைக்குப் போய்விட்டு நான்காவது வாரம் சளி, காய்ச்சலில் படுப்பவர்களைப் பார்க்கிறோம். போதாததற்கு, நாலு மணி நேரம் மலையில் இருந்தால் அதில் உண்மையாக ஏறுவது இரண்டு, இரண்டரை மணி நேரம்தான். ஏறும் திறனை வளர்க்க மட்டும் என்றால் இது விலை அதிகமான வழி.

## வழி 3: வீட்டுக்குள் டிரெய்னர்

இரண்டு ரகம் உண்டு. பின்டயரை உருளையோடு அழுத்தும் எளிய டர்போ டிரெய்னர் பத்துப் பதினைந்தாயிரத்துக்குள் கிடைக்கும். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு நேரடியாக மாட்டும் ஸ்மார்ட் டிரெய்னருக்கு அரை லட்சத்துக்கு மேல் ஆகும். ஸ்விஃப்ட் போன்ற செயலியோடு இணைத்தால் திரையில் வரும் சரிவுக்கு ஏற்ப டிரெய்னர் கனக்கும். அதில் உள்ள ஆல்ப் டு ஸ்விஃப்ட், பிரான்சின் ஆல்ப் டியூஸ் மலையைப் பார்த்து அமைத்தது: 21 வளைவுகள், 12 கி.மீ., ஆயிரம் மீட்டரை ஒட்டிய ஏற்றம். ஏற்காட்டின் உயரத்தை அதைவிடச் செங்குத்தாக, வீட்டை விட்டு நகராமல் ஏறலாம்.

பயிற்சித் தரத்தில் இதை மிஞ்ச ஆளில்லை. சிக்னல் இல்லை, நாய் இல்லை, உருள விடுவது இல்லை. ஒரு மணி நேரம் என்றால் ஒரு மணி நேரமும் மிதிதான். வெளியே கொட்டும் மழை எதையும் கெடுக்காது. நவம்பரில் சென்னையில் இருப்பவருக்கு இதன் அருமை தெரியும். முன்சக்கரத்தின் கீழே ஒரு கட்டையை வைத்து உயர்த்தினால், ஏற்றத்தில் இடுப்பும் முதுகும் உட்காரும் விதமும் ஓரளவு பழகும்.

குறைகள் விலைப்பட்டியலில் தெரியாதவை. சில ஸ்மார்ட் டிரெய்னர்களுக்கு கேசட்டை (பின்னால் இருக்கும் பல்சக்கரங்களின் தொகுப்பு) தனியாக வாங்க வேண்டும். மாதச் சந்தா ஸ்விஃப்டுக்கு 20 டாலர். வலுவான மின்விசிறி கட்டாயம், முடிந்தால் இரண்டு. காற்று இல்லாமல் சென்னைப் புழுக்கத்தில் மிதித்தால் அரைமணி நேரத்தில் இதயத்துடிப்பு தானாக ஏறி, செய்யும் வேலை குறைந்துவிடும். வியர்வை கைப்பிடியிலும், அது திரும்பும் மூட்டான ஹெட்செட்டிலும் இறங்கி போல்ட்டைத் துருப்பிடிக்க வைக்கும். துண்டு போட்டு மூட வேண்டும், முடிந்ததும் துடைக்க வேண்டும். அடுக்குமாடியில் கீழ்வீட்டுக்கு அதிர்வு கேட்கும், தடிமனான பாய் தேவை. கார்பன் ஃப்ரேம் என்றால் டிரெய்னரில் மாட்டுவதற்கு உத்தரவாதம் பொருந்துமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இறக்கத்தை இது கற்றுத்தரவே தராது. வண்டியைச் சமநிலையில் வைத்துக்கொண்டு 8 கி.மீ. வேகத்தில் நேர்க்கோட்டில் ஏறுவதும் இதில் வராது. டிரெய்னரிலேயே வளர்ந்த வலுவான கால்களோடு நேராக மலைக்கு வருபவர்தான், இறக்கத்தில் எனக்கு அதிகக் கவலை தருபவர். சீக்கிரம் உச்சியை அடைவார்; இறங்கத் தெரியாது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | ஈ.சி.ஆர். | மலைப் பயணம் | ஸ்மார்ட் டிரெய்னர் |
|---|---|---|---|
| விடாமல் மிதிக்கும் திறன் | நன்று, தனியாக ஓட்டினால் | நன்று, ஆனால் அரிதாகவே கிடைக்கும் | மிக நன்று |
| மெதுமிதி அழுத்தம் | பெரிய கியர், எதிர்க்காற்றில் கிடைக்கும் | இயல்பாகவே கிடைக்கும் | நன்று |
| இறக்கம் | இல்லை | இங்கே மட்டும்தான் | இல்லை |
| அளவு, சாப்பாடு | தூரத்துக்கு நன்று | மிக நன்று | ஓரளவு |
| பணம் | ஏறக்குறைய இல்லை | ஒவ்வொரு முறையும் சில ஆயிரம் | தொடக்கத்தில் பெரிய தொகை, பிறகு சந்தா |
| நேரம் | காலை 2-3 மணி நேரம் | ஒன்றரை நாள் | 1 மணி நேரம் |
| மழையில் | கெடும் | கெடும், ஆபத்தும் கூடும் | பாதிப்பில்லை |
| மறைசெலவு | சாலை ஆபத்து, தன்னொழுக்கம் | தூக்கம், மறுநாள் வேலை | வியர்வை, விசிறி, சலிப்பு |

## மூன்றுக்கும் முன்னால் கேசட்

பயிற்சிக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் முன் பின்சக்கரத்தின் மிகப்பெரிய பல்சக்கரத்தில் எத்தனை பல் என்று எண்ணிப் பாருங்கள். 25 அல்லது 28 என்றால் முதல் செலவு அங்கேதான். மேலே சொன்ன அதே ஆள், அதே 200 வாட்டில், 9% ஏற்றத்தில் 34×28-இல் 57 சுற்று மிதித்தார் அல்லவா? 34×34 போட்டால் அது 70-ஐ ஒட்டி வந்துவிடும். பத்து வாரப் பயிற்சியில்கூட இந்த அளவு மாற்றம் சாதாரணமாகக் கிடைக்காது.

11 முதல் 34 பல் வரை உள்ள 11-34 கேசட், எட்டு வேக (பின்னால் எட்டுப் பல்சக்கரம் உள்ள) வண்டிக்கு மலிவு. பத்து, பதினொரு வேகத்துக்குச் சில ஆயிரம் ஆகும். வாங்குமுன் உங்கள் பின் டிரெய்லியர் 34 பல்லை ஏற்குமா என்று பாருங்கள். சில மாடல்கள் 28, 30-க்கு மேல் ஏற்காது. அப்படியானால் நீண்ட கூண்டுள்ள டிரெய்லியரும், அனேகமாகப் புதிய செயினும் சேர்ந்து செலவு இரட்டிப்பாகும். அப்போதும் செய்யத்தான் வேண்டும். "கியர் சின்னதாக இருந்தால் கால் சோம்பேறியாகிவிடும்" என்று சில மூத்த ஓட்டுநர்கள் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. 200 கி.மீ. போக வேண்டிய நாளில் முழங்காலைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை.

எடையைப் பற்றியும் கேட்கிறார்கள். 85 கிலோவில் 3 கிலோ குறைந்தால் ஏற்ற நேரத்தில் ஏறக்குறைய 3.5% மிச்சம். ஒன்றரை மணி நேர ஏற்றத்தில் மூன்று நிமிடம். அதற்காகப் பயிற்சிக் காலத்தில் பட்டினி கிடப்பது கொஞ்சமும் வேண்டாத வேலை. லேசான சக்கரத்துக்கு அரை லட்சம் கொடுப்பதும் அப்படியே.

## யாருக்கு எது

வாரம் ஆறேழு மணி நேரம் கிடைக்கிறது, சென்னையில் இருக்கிறேன் என்பவருக்கு: ஈ.சி.ஆரை அடிப்படையாக வைத்து, பத்து வாரத்தில் இரண்டே மலைப் பயணம். நான்காவது வாரம் ஏலகிரி, ஏழாவது அல்லது எட்டாவது வாரம் ஏற்காடு. ஏலகிரியில் முழுக்கவனமும் இறக்கத்தில் இருக்கட்டும். ஏற்காட்டில் நிகழ்ச்சி நாளின் சாப்பாடு, உடை, கியர் எல்லாவற்றையும் அப்படியே ஒத்திகை பாருங்கள். எனக்குத் தெரிந்தவரை பெரும்பாலான வாசகர்களுக்குப் பொருந்துவது இதுதான்.

சிறு குழந்தைகள் உள்ள வீடு, வேலை முடிவதே இரவு ஒன்பது மணி என்பவருக்கு: டிரெய்னர் அதன் விலைக்குத் தகும். இந்த ஒரு நிகழ்ச்சிக்காக மட்டும் என்றால் தகாது. அடுத்த மூன்று நான்கு ஆண்டுகள் இதே வாழ்க்கைதான் என்றால் தாராளமாக வாங்கலாம். விடிகாலை இருட்டில் சாலைக்குப் போக விரும்பாதவர்களுக்கும் இதையே சொல்வேன். ஆனால் இவர்களுக்கும் ஒரு மலைப் பயணமாவது கட்டாயம்.

சேலம், கோவை, திண்டுக்கல், தேனிப் பக்கம் இருப்பவருக்கு: மலை வாசலில் இருக்கும்போது வேறெதற்கும் செலவழிக்க வேண்டாம். உங்கள் சிக்கல் எதிர்த்திசையில் வரலாம்: ஏறி இறங்கியே பழகிவிட்டு, நீண்ட சமதளத்தில் ஆறேழு மணி நேரம் சீட்டில் உட்காரப் பழகாமல் போவது. மாதம் இருமுறை 120 கி.மீ. சமதளம் ஓட்டுங்கள்.

நான்கே வாரம் இருக்கிறது என்பவருக்கு: கேசட்டை இன்றே மாற்றுங்கள். இந்த வாரக் கடைசியிலேயே ஏலகிரி போய் வந்துவிடுங்கள், உங்கள் அளவு எது என்று தெரியட்டும். அடுத்த இரண்டு வாரம் 20 நிமிட மிதிப் பயிற்சி. பெரிய கியர் மெதுமிதியை விட்டுவிடுங்கள், முழங்கால் தாங்கும் அளவுக்கு அவகாசம் இல்லை. கடைசி வாரம் ஓய்வு.

முழங்கால் வலி ஏற்கெனவே உள்ளவருக்கு: மூன்று வழிகளுக்கும் முன்னால் சீட் உயரமும், ஷூவைப் பெடலோடு பூட்டும் க்ளீட்டின் நிலையும் சரிபார்க்கப்பட வேண்டும். அதன் பிறகும் வலித்தால் இந்த சீசனுக்குச் சமவெளிப் பிஆர்எம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் நிறைய இருக்கும்.

எந்த வழியில் போனாலும் கடைசி ஏழு முதல் பத்து நாள் ஓட்டும் நேரத்தைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். அந்த வாரத்தில் ஏறும் ஏற்றம் எதுவும் காலில் சேராது, களைப்பாக மட்டுமே சேரும். பிரேக் பேட் தேய்ந்திருந்தால் அப்போதே மாற்றி, ஒரு தடவை ஓட்டிப் பழக்கிவிடுங்கள்.

பாதை நீலகிரியின் கிழக்குச் சரிவில் போனால், அதாவது கல்லாறு, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் என்றால், முந்தின இரண்டு நாள் மழைச் செய்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழையில் மண்சரிவு அங்கே வழக்கம். விடிகாலையிலும் மாலையிலும் கல்லாறு, கோத்தகிரிச் சாலைகளில் யானையும் காட்டெருமையும் குறுக்கே வரும். தூரத்திலேயே நின்று, அவை போன பிறகு கிளம்புங்கள்; அதற்கான அரைமணி நேரத்தையும் 13 மணி 30 நிமிடத்துக்குள் முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள். மேட்டுப்பாளையத்தின் சூட்டில் கிளம்புபவருக்கு 2,000 மீட்டரில் பத்துப் பன்னிரண்டு டிகிரி குறைந்திருக்கும் என்பது ஏறும்போது உறைக்காது. வியர்த்த சட்டையோடு இறங்கத் தொடங்கினால் ஐந்தே நிமிடத்தில் விரல் மரத்து, பிரேக் பிடிக்க வராது. மடித்தால் கைக்குள் அடங்கும் காற்றுத்தடுப்புச் சட்டை ஒன்றும் முழுவிரல் கையுறையும் பின்பாக்கெட்டில் இருக்கட்டும். உச்சியில் நின்று போட்டுக்கொண்ட பிறகே இறங்குங்கள்.